சாப்பாடு போட்டாச்சு, தெரபிஸ்ட் சம்பளத்துக்கு யாரு இருக்கா?

எங்க ஆபீஸ்ல யாருக்காவது பிறந்தநாள், கல்யாண நாள் வந்தா குரூப்ல உடனே மெசேஜ் வந்துரும், ஏதாவது ஹோம்ல ஒரு வேளை சாப்பாடு போடலாமா, ஆளுக்கு 200 ரூபா போட்டா போதும்னு. நல்ல மனசுதான், நானும் கொடுத்திருக்கேன், இனிமேலும் கொடுப்பேன். ஆனா உடம்பு முடியாத பிள்ளை இருக்கிற குடும்பத்துக்குள்ள இருந்து பாக்கிறவ நான், அதனால ரொம்ப நாளா மனசுல கிடக்கிறத எழுதிரலாம்னு உக்காந்துட்டேன். இந்த மாதிரி இடங்களுக்கு சாப்பாடு போட ஆள் எப்படியும் கிடைச்சிரும். வீடு வீடா போய் பிள்ளைகளுக்கு பயிற்சி கொடுக்கிற தெரபிஸ்ட்டோட சம்பளம், அவங்க வண்டிக்கு பெட்ரோல், காலை நேரா பிடிச்சு வைக்கிற, கால் வளர வளர மாத்திக்கிட்டே இருக்க வேண்டிய ஸ்ப்ளின்ட், வேன் டிரைவர், பிள்ளைகளை பாத்ரூம் கூட்டிட்டு போற ஆயாம்மா சம்பளம், இதுக்குன்னு காசு கொடுக்க ஆள் வர்றது ரொம்ப கஷ்டம். ஆனா ஒரு குடும்பத்தோட அன்றாட வாழ்க்கை மாறுறது இதுனாலதான்.

எங்க அக்கா மகனுக்கு செரிபிரல் பால்சி, அதாவது மூளை பாதிப்புனால கை கால் அசைவு கட்டுப்பாட்டுல இல்லாம போறது. பிறந்தவுடனே அழல, மூச்சுத் திணறி இன்குபேட்டர்ல வச்சிருந்தாங்க, மூளைக்கு ஆக்சிஜன் போகாததால வந்தது. ஆறேழு மாசம் ஆகியும் தலை நிக்கலன்னதும் அக்காவும் அத்தானும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியா அலைஞ்சாங்க, ஒரு இடத்துல டாக்டர் ஸ்கேனைப் பாத்துட்டு "இதுக்கு மருந்து கிடையாதும்மா, இருக்கிற வரைக்கும் பாத்துக்கோங்க, அடுத்த பிள்ளைக்கு பிளான் பண்ணுங்க"ன்னு சொல்லி ஃபைலை கையில கொடுத்து அனுப்பிட்டாரு. மருந்து கிடையாதுங்கிறது உண்மைதான், மூளையில பட்ட அடி ஆறாது. ஆனா முதல் சில வருஷத்துல மூளை எவ்வளவோ புதுசா கத்துக்கும், அந்த நேரத்துல தினமும் பயிற்சி கொடுத்தா கை கால் இறுகிப் போகாம பாத்துக்கலாம், உக்கார வைக்கலாம், சில பிள்ளைகளை நடக்கவே வைக்கலாம். அதை அன்னைக்கு யாரும் சொல்லல. நேரம் போயிட்டே இருந்துச்சு, எண்ணெய் தடவி, வேர் கட்டி, மந்திரிச்சு.

அந்த நாள்ல அக்கா எப்படி இருந்தான்னு சொன்னாதான் மத்ததெல்லாம் புரியும். ஒரு வேளை சோறு ஊட்ட ஒரு மணி நேரம், அதுல பாதி வெளிய வந்துரும், ரெண்டு வாய்க்கு ஒரு தரம் புரை ஏறும், மூக்கு வழியா வரும். ராத்திரி ஃபிட்ஸ் வந்துருமோன்னு தூங்காம கையை அவன் நெஞ்சு மேல வச்சுக்கிட்டே படுத்திருப்பா. அத்தான் கடைக்குப் போயிருவாரு, ஆச்சிக்கு முட்டி வலி, அதனால தூக்குறது இறக்குறது குளிப்பாட்டுறது எல்லாம் அக்காதான், அவன் எடை கூடக் கூட அக்கா இடுப்பு போச்சு. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுக்கும் வர மாட்டா, வந்தா நாலு பேரு நாலு கேள்வி கேப்பாங்க, என்ன பாவம் செஞ்சேன்னு தெரியலயேன்னு அவளே சொல்ல ஆரம்பிச்சிட்டா, எங்க குடும்பத்துல நல்லா சிரிக்கிறவ அவதான்.

அப்புறம்தான் எங்க ஊருக்கு ஆய்க்குடி அமர் சேவா சங்கத்துல இருந்து ஒரு அக்கா ஸ்கூட்டியில வந்தாங்க. அன்னைக்கு நான் லீவுல ஊர்ல இருந்தேன். தோள்ல ஒரு துணிப்பை, அதுக்குள்ள ஒரு ரப்பர் பந்து, கிலுகிலுப்பை, ஒரு பழைய பெட்ஷீட் சுருட்டு, அவ்வளவுதான். வந்தவங்க பிள்ளையைத் தொடவே இல்ல முதல்ல, "நீங்க எப்படி ஊட்டுவீங்க, ஒரு தரம் ஊட்டுங்க பாப்போம்"னு அக்காகிட்ட சொன்னாங்க. அக்கா எப்பவும் போல மடியில மல்லாக்கப் படுக்க வச்சு, தலை பின்னால தொங்க, மேல இருந்து ஸ்பூனை விட்டா. அவங்க திட்டல. பக்கத்துல உக்காந்து, பிள்ளையை நிமித்தி உக்கார வச்சு, முதுகுக்கு தன் கையைக் கொடுத்து, தலை லேசா முன்னால குனிஞ்சு தாடை நெஞ்சைப் பாத்து இருக்கிற மாதிரி வச்சு, ஸ்பூனை நேரா வாய்க்கு முன்னால கொண்டுபோய், அவன் வாயை மூடி முழுங்குற வரைக்கும் காத்திருந்து அடுத்த வாய் கொடுத்தாங்க. தண்ணியா இருந்த கஞ்சியை கொஞ்சம் கெட்டியாக்கச் சொன்னாங்க. கால் கிண்ணம் உள்ள போச்சு, ஒரு தரம் கூட புரை ஏறல. ஆச்சி கதவு பக்கத்துல நின்னு பாத்துட்டு "இதை யாரும் சொல்லலையேம்மா இவ்வளவு நாளா"ன்னு கேட்டது இப்பவும் காதுல இருக்கு.

அவனுக்கு கால் ரெண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கிடும், பிரிக்கவே முடியாது, அதனால டயபர் மாத்துறது கூட போராட்டம். அந்த அக்கா ஆச்சியைக் கூப்பிட்டு, "ரெண்டு கையிலயும் ஏந்தித் தூக்காதீங்க ஆச்சி, உங்க காலத்துல பிள்ளைகளை எப்படித் தூக்குவீங்க, இடுப்புல காலை அகட்டி வச்சுத் தூக்குவீங்கல்ல, அப்படியே தூக்குங்க, அதுவே இவனுக்கு பயிற்சிதான்"னாங்க. சுவர் மூலையில ரெண்டு பக்கமும் தலகாணி கொடுத்து, பெட்ஷீட் சுருட்டை தொடை நடுவுல வச்சு உக்கார வச்சாங்க, முன்னால ஒரு முக்காலி, அது மேல பந்து. அவன் முதல் தரம் வீட்டை உக்காந்துக்கிட்டு பாத்தான். அதுவரைக்கும் அவன் பாத்ததெல்லாம் ஓட்டுக் கூரையும் ஃபேனும்தான். இதுக்கு ஆன செலவு என்னன்னு யோசிச்சுப் பாருங்க, ஒரு ஆளோட நேரமும், அந்த ஆளுக்கு யாரோ கொடுத்த டிரெயினிங்கும்.

அமர் சேவா சங்கத்தைப் பத்தி தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடுறேன். தென்காசி பக்கம், குற்றாலத்துக்குக் கிட்ட ஆய்க்குடின்னு ஊர். அந்த ஊர்க்காரர் எஸ். ராமகிருஷ்ணன், இன்ஜினியரிங் படிச்சிட்டு இருந்தப்ப 1975 ஜனவரியில கடற்படை ஆபீசர் வேலைக்கான தேர்வுக்கு பெங்களூர் போயிருந்தாரு, அங்க உடல் தகுதி டெஸ்ட்ல உயரத்துல இருந்து விழுந்து கழுத்துல தண்டுவடம் அடிபட்டுருச்சு, கழுத்துக்குக் கீழ அசைவு கிடையாது. ஊருக்குத் திரும்பி வந்து 1981ல, அது ஐ.நா. அறிவிச்ச ஊனமுற்றோர் ஆண்டு, அஞ்சு பிள்ளைகளை வச்சு ஒரு ஓலைக் கொட்டகையில ஆரம்பிச்சாரு. அவருக்கு சிகிச்சை பாத்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பேரைத்தான் சங்கத்துக்கு வச்சிருக்காரு. 1990கள்ல எஸ். சங்கர ராமன்னு ஒரு ஆடிட்டர், அவருக்கு தசைச்சிதைவு நோய், அவரும் சக்கர நாற்காலியில இருக்கிறவரு, வந்து சேந்துக்கிட்டாரு. 2020ல ராமகிருஷ்ணனுக்கு பத்மஸ்ரீ கொடுத்தாங்க. அங்க பள்ளிக்கூடம் இருக்கு, தண்டுவடம் அடிபட்டவங்களுக்கு தனியா மையம் இருக்கு. ஆனா எனக்கு அவங்க செஞ்சதுல பெருசா தெரியுறது, பிள்ளைகளைக் கொண்டாந்து விடுங்கன்னு கேட்டதோட நிக்காம கிராமத்துக்குள்ள ஆள் அனுப்புறதுதான். இப்ப அந்த களப்பணியாளர்கள் கையில டேப்லெட் கம்ப்யூட்டர் இருக்கு, அவங்களே உருவாக்குன ஆப்ல பிள்ளையோட முன்னேற்றத்தைப் பதிவு பண்ணுறாங்க, ஸ்பெஷலிஸ்ட் அதைப் பாத்து அடுத்து என்ன செய்யணும்னு சொல்லுறாங்க. பஸ் ரெண்டு மாறி, பதினஞ்சு கிலோ பிள்ளையைத் தூக்கிட்டு வாரம் மூணு நாள் ஒரு தாய் வர முடியாதுங்கிறது அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு.

கொஞ்ச நாள்ல அக்காவை பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டாங்க. போக மாட்டேன்னா, அத்தான்தான் வலுக்கட்டாயமா அனுப்பி வச்சாரு. அங்க இதே மாதிரி அம்மாக்கள், ஒருத்தங்க பிள்ளைக்கு ஆட்டிசம், ஒருத்தங்க பிள்ளைக்கு இவனை மாதிரியே, அவனுக்கு வயசு கூட. யாரும் "என்ன ஆச்சு, ஏன் இப்படி"ன்னு கேக்கல. எந்தக் கடையில பெரிய சைஸ் டயபர் மலிவு, ஃபிட்ஸ் மாத்திரை ஜி.எச்.ல இலவசமா எந்த நாள்ல கொடுப்பாங்க, மாமியார் பேசுறதை எப்படி சமாளிக்கிறதுன்னு பேசிக்கிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அக்கா எனக்கு போன் பண்ணி ரொம்ப நேரம் பேசுனா. அதுக்கப்புறம் அவ என்ன பாவம் செஞ்சேன்னு சொல்லி நான் கேக்கல.

இன்னொரு ஆளை எல்லாரும் மறந்துருவாங்க, மூத்தவ. அக்கா மகளுக்கு தம்பி பிறந்தப்ப நாலு வயசு. தம்பி தூங்குறான் சத்தம் போடாத, தம்பிக்கு முடியல நீயே சாப்பிடு, தம்பியை ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போறோம் நீ பக்கத்து வீட்டுல இரு, இப்படியே வளந்த பிள்ளை. ஸ்கூல் ஆண்டு விழாவுல டான்ஸ் ஆடுவா, பாக்க அம்மா வர முடியாது. அவனைப் பகல்ல பாத்துக்கிற சென்டர்ல விட ஆரம்பிச்ச வருஷம்தான் அக்கா முதல் தரம் மகளோட ஸ்கூலுக்குப் போயி டீச்சரைப் பாத்தா. காலையில வேன் வந்து கூட்டிட்டுப் போயி சாயங்காலம் விட்டுரும், நடுவுல அந்த சில மணி நேரம் அக்காவோடது. தையல் மிஷினை எடுத்துப் போட்டா, மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்குனா. ஒரு தொண்டு நிறுவனம் நல்லா வேலை செய்யுதான்னு என்கிட்ட யாராவது கேட்டா, அந்த வீட்டுத் தாய்க்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்திருக்காங்கன்னு பாருங்கன்னு சொல்லுவேன்.

இப்படி யோசிக்கிறவங்க நம்ம ஊர்ல வேற இடங்கள்லயும் இருக்காங்க. சென்னையில வித்யா சாகர் 1985ல ஆரம்பிச்சது, ஆரம்பிச்ச பூனம் நடராஜன் அவங்களே செரிபிரல் பால்சி பிள்ளையோட அம்மா. மனநோய் பக்கம் பாத்தா டாக்டர் சாரதா மேனன் 1984ல தொடங்குன ஸ்கார்ஃப், மனச்சிதைவு நோய் வந்தவங்களுக்கான அமைப்பு. மனச்சிதைவு வந்த மகனை வீட்டுல வச்சிருக்கிற வயசான அப்பா அம்மா நிலைமை எங்க அக்கா நிலைமையை விட மோசம், ஏன்னா வெளிய சொல்லவே முடியாது. 2001ல ஏர்வாடியில மனநல காப்பகத்துல சங்கிலி போட்டு கட்டி வச்சிருந்தவங்க தீயில செத்துப் போனாங்களே, அவங்களை அங்க கொண்டு போய் விட்ட குடும்பம் எல்லாம் கல் நெஞ்சுக்காரங்கன்னு நான் நம்பல, பாத்துக்க ஒரு ஆள் துணை இல்லாம கைவிட்டவங்கதான் அதுல நிறைய பேர் இருந்திருப்பாங்க.

அரசாங்கம் ஒண்ணும் செய்யலன்னு சொல்ல மாட்டேன். கடுமையா பாதிக்கப்பட்டவங்களுக்கு பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில இருந்து மாசம் 2,000 ரூபா ஆக்குனாங்க, முன்னால 1,500. மத்திய அரசோட நேஷனல் டிரஸ்ட் தர்ற நிராமயா இன்சூரன்ஸ் 1 லட்சம் வரைக்கும், அதுல தெரபி செலவும் வாங்கலாம். பழைய வருமான வரி முறையில இருக்கிறவங்களுக்கு இந்த மாதிரி பிள்ளையைப் பாத்துக்கிறதுக்காக 75,000 ரூபா கழிவு, ஊனம் 80 சதவீதமோ அதுக்கு மேலயோன்னா 1,25,000. இதெல்லாம் இருக்குங்கிறது யாருக்குத் தெரியும்? எங்க வீட்டுல சொன்னது அந்த ஸ்கூட்டி அக்காதான். ஊனச் சர்டிபிகேட் வாங்க அப்ப திருநெல்வேலி போகணும், தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019லதானே, அங்க ஒரு ஆபீஸ்ல மாடிக்கு பிள்ளையைத் தூக்கிட்டு வரச் சொன்னாங்க, லிஃப்ட் இல்ல. அத்தான் தூக்கிட்டு ஏறுனாரு. யாருக்காக அந்த ஆபீஸ் இருக்கோ அவங்க ஏற முடியாத மாடி, இப்ப நினைச்சாலும் எனக்கு வயிறு எரியுது.

காசு விஷயத்துக்கு வர்றேன். நீங்க கொடுக்கிறதா இருந்தா, அந்த இடத்துக்கு போன் போட்டு இந்த மாசம் உங்களுக்கு எதுக்கு காசு பத்தலன்னு கேளுங்க. பெரும்பாலும் சம்பளம்னுதான் சொல்லுவாங்க, சொல்லத் தயங்குவாங்க, ஏன்னா சம்பளத்துக்குன்னா கொடுக்கிறவங்க முகம் சுருங்கிரும், நம்ம காசு நேரா பிள்ளைக்குப் போகணும்னு நினைப்பாங்க. தெரபிஸ்ட்டுக்கு போற காசு நேரா பிள்ளைக்குப் போற காசுதான். கம்பெனிக்காரங்க சமூகப் பணிக்குன்னு ஒதுக்குற சி.எஸ்.ஆர். காசுல வேன் வாங்கித் தருவாங்க, பேர் எழுதி போட்டோ எடுத்துக்கிடலாம், அந்த வேனை வருஷக்கணக்கா ஓட்டுற டிரைவருக்கு யார் தர்றது? டிரெயினிங் முடிச்ச தெரபிஸ்ட் பிள்ளைங்க கொஞ்ச வருஷத்துல சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போயிருது, குறை சொல்ல முடியாது, அவங்களுக்கும் குடும்பம் இருக்கு. ஒருத்தர் போனா பழகுன பிள்ளைகளுக்கு மறுபடி முதல்ல இருந்து. மாசாமாசம் 500 ரூபா விடாம வர்றது, வருஷத்துக்கு ஒரு தரம் வர்ற பெரிய தொகையை விட அவங்களுக்கு உதவி, அதை நம்பி ஒரு ஆளை வேலைக்கு வைக்கலாம். உங்க தெருவுலயே இப்படி ஒரு வீடு இருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போய் அந்தப் பிள்ளைகிட்ட உக்காந்து அம்மாவை கோயிலுக்கு அனுப்பி வைங்க, அதுக்கு காசும் வேண்டாம்.

அக்கா மகன் நடக்கல. சொல்லிடணும், ஏன்னா இந்த மாதிரி கதையெல்லாம் கடைசியில பிள்ளை நடந்து மெடல் வாங்குற மாதிரிதான் வருது. அவன் உக்காருவான், ஸ்டாண்டிங் ஃபிரேம்ல நிப்பான், வேணும் வேண்டாம் சொல்லுவான், பிடிக்காத குழம்புன்னா வாயைத் திறக்க மாட்டான், மூத்தவ ஹாஸ்டல்ல இருந்து வந்தா வீடு முழுக்க கேக்குற மாதிரி கத்துவான். இப்ப பதினேழு வயசு, மீசை வந்துருச்சு.

அடுத்த வருஷம் பதினெட்டு முடிஞ்சா சட்டப்படி அவன் மேஜர், பெத்தவங்களே ஆனாலும் அவனுக்காக கையெழுத்துப் போட, பேங்க் கணக்கைப் பாக்க சட்டப்படி காப்பாளர்னு ஆர்டர் வாங்கணும், 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல மாவட்ட கலெக்டர் தலைமையில அதுக்குன்னு ஒரு கமிட்டி இருக்கு, அங்க மனு போடணும். இதுவும் பெற்றோர் கூட்டத்துலதான் தெரிஞ்சது. அக்காவும் அத்தானும் இப்ப போடுவாங்க, அவங்களுக்கு அப்புறம் யாருங்கிறதை வீட்டுல உக்காந்து பேசுனோம். மூத்தவ நான் பாத்துக்கிறேன்னா, அக்கா அவ தலையில மட்டும் போடக் கூடாதுன்னு அழுதா, நானும் கூட இருப்பேன்னு சொல்லியிருக்கேன். சர்டிபிகேட் நகல், ஆதார், போட்டோ எல்லாம் எடுத்து வச்சாச்சு, பொங்கல் கழிஞ்சு தென்காசி போகணும்.