உருளைக்கிழங்குப் பையில் எழுதிய பாட்டு

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இருக்கும் மெம்ஃபிஸ் நகரின் யூனியன் அவென்யூவில், 706ஆம் எண்ணுள்ள கட்டடத்துக்குள் நுழைந்தபோது, இவ்வளவு சிறிய இடமா என்றுதான் முதலில் தோன்றியது. 'சன்' இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடம் ஒரு பள்ளி வகுப்பறை அளவுக்கு மேல் இராது. சுவர்களில் பதித்த வெள்ளை ஒலித்தடுப்புப் பலகைகள் காலத்தால் மங்கியிருந்தன. என்னுடன் சுற்றிப் பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் எல்விஸ் பிரெஸ்லி நின்று பாடிய இடத்தில் தாமும் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தேடி வந்தது 1955 டிசம்பர் 19 அன்று இதே கூடத்தில் 'ப்ளூ ஸ்வேட் ஷூஸ்' (நீல மென்தோல் காலணிகள்) என்ற பாட்டைப் பாடிய கார்ல் பெர்கின்ஸை. அந்தப் பாட்டை எல்விஸின் பாட்டு என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தவன் நான். அதை எழுதி, முதலில் பாடியவர் வேறொருவர் என்று அறிந்த நாளிலிருந்தே, அவர் வாழ்ந்த ஊர்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் மனத்தில் இருந்துவந்தது.

வெள்ளைக்காரக் குடியானவர்களின் நாட்டுப்புறப் பாட்டும் கறுப்பின மக்களின் ப்ளூஸும் கலந்து பிறந்ததுதான் இந்தப் பாட்டின் இசைவகையான ராக்கபிலி. பெரிய பாஸ் வாத்தியத்தின் தந்தியை இழுத்து விட்டு, அது கட்டையில் அறைபடும் ஓசையையே தாளமாக்கிக்கொள்வது அதன் அடையாளம். கூடத்தின் உரிமையாளர் சாம் பிலிப்ஸ், இரண்டு ஒலிநாடா இயந்திரங்களைக் கொண்டு குரலுக்குப் பின்னால் ஒரு நொடியில் சிறு பகுதி தாமதித்து வரும் எதிரொலியைச் சேர்த்தார். 1955 நவம்பரில் அவர் எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்துக்கு 35,000 டாலருக்கு விற்றிருந்தார். அடுத்த பாடகராக அவர் நம்பியவர்களில் ஒருவர் பெர்கின்ஸ்.

பாட்டுக்கு விதை போட்டவர் பாடகர் ஜானி கேஷ். அவர் ஜெர்மனியில் விமானப்படையில் இருந்தபோது உடன் பணியாற்றிய சி.வி. ஒயிட் என்ற கறுப்பின வீரர், வெளியே போகும் இரவுகளில் நன்றாக உடுத்திக்கொண்டு, தம் நீல ஸ்வேட் காலணியை மட்டும் யாரும் மிதித்துவிடக் கூடாது என்பாராம். அது படையில் கொடுத்த சாதாரணக் காலணிதானே என்று கேட்டால், இன்றிரவு மட்டும் இது நீல ஸ்வேட் என்று பதில் வருமாம். இதைப் பாட்டாக எழுது என்று கேஷ் 1955இல் பெர்கின்ஸிடம் சொன்னார்.

மெம்ஃபிஸிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஜாக்சனுக்கு மறுநாள் காரில் போனேன். வழியெல்லாம் வெடித்த பருத்தி. பெர்கின்ஸ் அப்போது மனைவி வால்டாவுடனும் குழந்தைகளுடனும் இந்த ஊரின் அரசுக் குடியிருப்பு ஒன்றில் வசித்துவந்தார். ஓர் இரவு நடனக் கூடத்தில் அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது, மேடைக்கு அருகில் அழகான பெண்ணொருத்தியுடன் ஆடிய இளைஞன், தன் ஸ்வேட் காலணியை மிதிக்காதே என்று அவளைக் கடிந்துகொண்டது காதில் விழுந்தது. அப்படிப்பட்ட பெண் உடன் ஆட, இவனுக்குக் காலணிக் கவலையா என்ற வியப்பு அவரை உறங்கவிடவில்லை. நள்ளிரவுக்குப் பின் எழுந்தார். வீட்டில் எழுதத் தாள் இல்லாததால், உருளைக்கிழங்கு வாங்கி வந்த பழுப்புக் காகிதப் பையைக் காலி செய்து அதில் எழுதினார். 'ஸ்வேட்' என்ற சொல்லின் எழுத்துக்கூட்டுகூட அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. தொடக்கத்தில் வரும் ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்ணிக்கை, ஓட்டப்பந்தயத்துக்கு முன் சிறுவர்கள் சொல்வது.

1956 ஜனவரியில் வெளிவந்த இசைத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பொது, நாட்டுப்புற, ரிதம் அண்ட் ப்ளூஸ் ஆகிய மூன்று விற்பனைப் பட்டியல்களிலும் ஒரே காலத்தில் உச்சியை நெருங்கியது. பொதுப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. எல்விஸ் பாடிய வடிவம் அதே பட்டியலில் 20ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. பாட்டை எல்விஸ் பறித்துக்கொண்டார் என்று சொல்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

பறித்தது விபத்துதான். நியூயார்க்கில் பெர்ரி கோமோவின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடுவதற்காகப் போய்க்கொண்டிருந்தபோது, மார்ச் 22 அன்று விடியற்காலையில் டெலவேர் மாநிலத்தின் டோவர் அருகே பெர்கின்ஸ் குழுவினரின் கார் முன்னால் போன சிறு லாரியில் மோதியது. லாரி ஓட்டுநர் இறந்தார். நீரில் முகம் குப்புறக் கிடந்த கார்லை டிரம் வாசிப்பவரான டபிள்யூ.எஸ். ஹாலண்ட் தூக்கிக் காப்பாற்றினார். கார்லுக்கும் அண்ணன் ஜேவுக்கும் கழுத்தெலும்பு முறிந்தது. நாடே அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த வாரங்களில், பாடியவர் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார். ஜே 1958இல் மூளைக்கட்டியால் இறந்தபின் கார்ல் பல ஆண்டுகள் குடியில் மூழ்கி, பிறகு மீண்டார். 1964இல் பீட்டில்ஸ் குழு அவருடைய மூன்று பாட்டுகளைப் பதிவு செய்தது. 1998இல் ஜாக்சனிலேயே காலமானார். துன்புறுத்தப்படும் குழந்தைகளுக்காக அவர் முன்னின்று தொடங்கிய மையம் இன்றும் அவர் பெயரில் அங்கே இயங்குகிறது.

மூன்றாம் நாள் டென்னசியின் வடமேற்கு மூலையில் இருக்கும் டிப்டன்வில்லுக்குப் போனேன். 1811-12 நிலநடுக்கங்களில் உருவான ரீல்ஃபுட் ஏரியின் நீருக்குள்ளேயே சைப்ரஸ் மரங்கள் நிற்கின்றன. இந்த வட்டாரத்தில்தான் 1932இல் பெர்கின்ஸ் பிறந்தார். பிறர் நிலத்தில் விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிரிட்ட ஏழைக் குடும்பம்; பிள்ளைகளும் பருத்தி எடுத்தார்கள். முந்தின நாள் பெய்த மழையில் வயலோரம் இறங்கி நான்கடி வைப்பதற்குள் மிசிசிப்பி ஆற்றின் வண்டல் என் காலணியில் அப்பிக்கொண்டது. சாதாரணத் தோலைத் துடைத்துவிடலாம். ஸ்வேட் என்பது தோலின் உட்புறத்தைத் தேய்த்துப் பஞ்சு போலாக்கியது. சேறு பட்டால் கறை எளிதில் போகாது. வீட்டைக் கொளுத்து, காரைத் திருடு, காலணியை மட்டும் தொடாதே என்று பாட்டில் வருவதை விளையாட்டுப் பேச்சாகவே இதுவரை கேட்டிருந்தேன். இந்தச் சேற்றில் வளர்ந்தவருக்கு அதில் பாதியாவது உண்மை.

அவருக்கு கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் அதே வயலில் வேலை செய்த ஜான் வெஸ்ட்புரூக் என்ற கறுப்பின முதியவர். தந்தி அறுந்தால் புதிது வாங்கப் பணம் இல்லாததால் சிறுவன் கார்ல் அறுந்ததையே முடிச்சுப் போட்டுக் கட்டினான். விரலைத் தந்தி நெடுகச் சறுக்கினால் முடிச்சு குத்தியது. ஆகவே சறுக்குவதை விட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே தந்தியைப் பக்கவாட்டில் வளைத்துச் சுரத்தை உயர்த்தப் பழகினான்.

திரும்பும் வழியில் ஏரிக்கரையில் காரை நிறுத்தி, 1955ஆம் ஆண்டுப் பதிவை மறுபடி ஒலிக்கவிட்டேன். இடையில் கிட்டார் தனியாக வரும் இடத்தில், ஒரு சுரம் தன் நிலையில் நில்லாமல் மேலே வளைந்து போகிறது. அதை மட்டும் மூன்று முறை கேட்டேன்.