தம்பிக்கு மூன்றாம் நிலை கிடைத்த விதம்

என் தம்பிக்கு 22 வயது, டவுன் சிண்ட்ரோம். வாரம் இரண்டு நாள் மேலூரிலிருந்து பஸ் ஏறி, மாட்டுத்தாவணியில் இறங்கி, ஜூடோ வகுப்புக்குக் கூட்டிப்போகிறேன். போன வருடம் ஒரு போட்டியில் எடையை மட்டும் பார்த்து ஜோடி சேர்த்தார்கள். தம்பி 64 கிலோ, எதிரே நின்ற பையனும் அதே எடை. ஆனால் அவனுக்கு லேசான பாதிப்புதான், கால் வேகம் அபாரம். ‘ஹஜிமே’ (ஆரம்பி) என்றதும் தம்பி நடுவரைத் திரும்பிப் பார்த்தான். அதற்குள் முதுகு ஜூடோ விரிப்பில் பட்டுத் தோற்றுவிட்டான். அடி எதுவும் படவில்லை. ஆனால் அதற்கப்புறம் இரண்டு மாதம், ஜூடோ சட்டையை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

இந்த வருடப் போட்டியில் திறமையையும் பார்த்துப் பிரிக்கப்போகிறார்கள் என்று மாஸ்டர் சொன்னதால்தான் சம்மதித்தேன். மொத்தம் 5 நிலைகள். வழக்கமான ஜூடோக்காரர்களோடு பயிற்சியில் மோதக்கூடியவர்கள் முதல் நிலை, அதிகமாக உதவி தேவைப்படுகிறவர்கள் ஐந்தாம் நிலை. ஒரே நிலைக்குள்தான் எடை, வயது, ஆண், பெண் என்று பிரிப்பது. கழுத்து நெரிக்கும் பிடியும் கை மடக்கும் பிடியும் கிடையாது.

முதலில் கழுத்து எக்ஸ்ரே. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள பிணைப்பு தளர்வாக இருக்கும். தலைகுப்புற விழுந்தால் தண்டுவடத்துக்கே ஆபத்து. தலையைக் குனிய வைத்து ஒன்று, நிமிர்த்தி ஒன்று எடுத்துப் பார்த்து, எலும்பு டாக்டர் சரி என்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் எடுக்கவில்லை என்றால், விரிப்பில் இறக்குவதற்கு முன்னால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

அப்புறம் படிவம். தம்பியின் ஊனமுற்றோர் அட்டையில் 75 சதவீதம் என்றிருக்கிறது. அதை வைத்து நானே நான்காம் நிலை என்று எழுதிவிட்டேன். மாஸ்டர் கோபப்படாமல் சொன்னார்: “அம்மா, அந்த எண் பென்ஷனுக்கும் பஸ் பாஸுக்கும். விரிப்பில் இவன் என்ன செய்கிறான் என்று பார்ப்போம்.”

பார்த்தார்கள், முக்கால் மணி நேரம். மூன்று பேரோடு மாற்றி மாற்றி விட்டார்கள். விழும்போது தாடையை நெஞ்சோடு சேர்க்கிறானா, ‘மத்தே’ (நிறுத்து) என்றால் நிற்கிறானா, சட்டையைப் பிடித்தால் பயப்படுகிறானா, தள்ளினால் பதிலுக்குத் தானாக ஏதாவது செய்கிறானா என்று கவனித்தார்கள். முதல் ஆள் காலரைப் பிடித்ததும் தம்பி விறைத்துப்போனான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூன்றாவது ஆள் பிடித்தபோது, யாரும் சொல்லாமலே எதிராளியின் சட்டைக் கையை முழங்கைக்குக் கீழே மடித்துப் பிடித்து, இடது காலைப் பின்னால் வைத்து நின்றான். வகுப்பில் நூறு முறை சொல்லிக்கொடுத்தது. அது அவனுக்குள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. மூன்றாம் நிலை என்று எழுதினார்கள்.

பக்கத்தில் இருந்த ஒருவர், “கொஞ்சம் மெதுவா ஆடச் சொல்லியிருந்தா நாலுல போட்டிருப்பாங்க, மெடல் நிச்சயம்” என்றார். அவர் ஆசை எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த நான்காம் நிலையிலும் யாரோ ஒருவரின் தம்பி நிற்பான். அவனைக் கட்டிலுக்கு அடியில் தள்ள எனக்கு மனசு வராது.

பார்வையில்லாதவர்களுக்கான ஜூடோவிலும் 2022-இலிருந்துதான் முழுக்கவோ கிட்டத்தட்ட முழுக்கவோ பார்வையற்றவர்களை ஜே1 என்றும், ஓரளவு தெரிகிறவர்களை ஜே2 என்றும் பிரித்தார்கள். அந்த ஜே1 பிரிவில்தான் 2024 பாரிஸில் கபில் பர்மார் வெண்கலம் வாங்கினார், பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவுக்கு முதல் பதக்கம். எங்கள் வகுப்பில் பார்வையில்லாத ஒரு பையன் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வான்.

போட்டியன்று தம்பிக்கு மூன்று ஆட்டம். முதலாவதில் தோல்வி. ஆனால் கடைசி நிமிடம் வரை பிடியை விடவில்லை. இரண்டாவதும் தோல்வி. மூன்றாவதில் எதிராளியைக் கீழே அமுக்கிப் பிடித்தான். ஜெயிப்பதற்குப் பிடித்தே இருக்க வேண்டிய 20 விநாடியையும் நான் வாய்விட்டு எண்ணினேன். நடுவர் கை காட்டியதும் எழுந்து, கீழே கிடந்தவனுக்குக் கை கொடுத்துத் தூக்கி, அவிழ்ந்திருந்த அவனுடைய பெல்ட்டைக் கட்டிவிடப் பார்த்தான். முடிச்சு சரியாக வரவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து முயற்சி செய்துகொண்டே இருந்தார்கள், நடுவரும் அவசரப்படுத்தவில்லை.