ஜெயிலில் இருப்பவருக்காக எம்.எல்.ஏ.வுக்கு எழுதும்போது

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் வீட்டுப் பேச்சு தமிழ். ஆபீஸ் காகிதம் மலையாளம். இந்தப் பகுதியில் நான் சட்ட உதவிப் பணியில் பாராலீகல் வாலண்டியராக இருக்கிறேன். என்னைத் தேடி வருபவர்களில் பலர், ஜெயிலில் இருக்கும் ஒருவருக்காக வருபவர்கள். வக்கீலைப் பார்த்தாயிற்று, கோயிலுக்கு நேர்ந்தாயிற்று, இனி எம்.எல்.ஏ.தான் கதி என்ற நிலையில் வருவார்கள். "எம்.எல்.ஏ.கிட்டச் சொல்லி எப்படியாவது வெளிய எடுத்துக் குடுங்க தம்பி" என்றுதான் பேச்சே தொடங்கும்.

எம்.எல்.ஏ.வால் யாரையும் வெளியே எடுக்க முடியாது. ஜாமீன் கோர்ட்டின் கையில் இருக்கிறது. நடந்துகொண்டிருக்கும் வழக்கைச் சட்டசபையில் பேச விதிகளும் இடம் தருவதில்லை. ஜாமீன் வாங்கித் தரச் சொல்லும் மனுவை எம்.எல்.ஏ.வின் பி.ஏ. படித்துவிட்டு ஓரமாக வைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எம்.எல்.ஏ.வால் ஆகக்கூடியவை எவ்வளவோ உண்டு. பரோல் மனு போலீஸ் ரிப்போர்ட்டுக்காகக் காத்துக் கிடக்கிறதா? காவலுக்குப் போலீஸ் இல்லை என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்களா? தண்டனைக் காலம் முடியுமுன் விடுவிக்கக் கேட்கும் முன்விடுதலைக் கோப்பு அசையாமல் கிடக்கிறதா? இதெல்லாம் நிர்வாகத்தின் வேலை. இதைப் பற்றி அவர் தன் லெட்டர்பேடில் அமைச்சருக்கு எழுதலாம், சபையில் கேள்வி கேட்கலாம். எம்.பி.க்கும் எழுதட்டுமா என்று கேட்பார்கள். ஜெயில் மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம், எம்.பி. அக்கறையோடு எழுதினாலும் அந்தக் கடிதம் சுற்றி வளைத்துத் திருவனந்தபுரத்துக்குத்தான் வரும். அதனால் முதலில் எம்.எல்.ஏ.

கடிதம் எழுத உட்கார்ந்தால் நான் வழக்கிலிருந்து தொடங்குவதில்லை. உள்ளே இருப்பவருக்கு இப்போது எது வேண்டும் என்று கேட்பேன். பத்து விஷயம் சொல்வார்கள். அதில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கடிதத்துக்கு ஒரு கோரிக்கை என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இரண்டு கேட்டால் சுலபமானதற்கு மட்டும் பதில் வரும், மற்றது அப்படியே நின்றுவிடும்.

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மகன் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, திருச்சூர் விய்யூர் மத்தியச் சிறையில் இருக்கிறார். மகள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அம்மாவுக்கு முட்டி வலி. ஒரு தடவை மகனைப் பார்த்து வருவதற்குள் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போய்விடும். மகனைக் கோயம்புத்தூர் ஜெயிலுக்கு மாற்ற முடியுமா என்றார். முடியும். தண்டனை பெற்ற கைதியை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாற்ற 1950-ஆம் ஆண்டிலிருந்தே மத்தியச் சட்டம் இருக்கிறது. கைதியை வைத்திருக்கும் அரசு, மற்ற அரசின் சம்மதத்தோடு உத்தரவு போட வேண்டும். அப்படியானால் இரண்டு கடிதம்: அம்மா பெயரில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு, மகள் பெயரில் கேரள எம்.எல்.ஏ.வுக்கு.

எழுதத் தொடங்கியதும் அம்மா சொன்னார்: "எம் பையன் அந்தத் தப்பப் பண்ணலீங்க, அத மொதல்ல எழுதுங்க." பெற்ற வயிறு அப்படித்தான் சொல்லும். அது மேல்முறையீட்டில் வக்கீல் சொல்ல வேண்டியது. செத்துப்போனவரின் குடும்பமும் அதே தொகுதியில்தான் இருக்கிறது. தீர்ப்பு தப்பு என்று சொல்லும் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எம்.எல்.ஏ. அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போக முடியாது. நடக்க முடியாத ஒரு தாய் மகனைப் பார்க்க வழி செய்யச் சொல்லும் காகிதத்தை அவர் யார் முன்னாலும் நீட்டலாம். இதை அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னேன். அப்புறம் ஒரு வரியும் சேர்த்தேன்: 'உயிரிழந்தவரின் குடும்பத்தார் படும் வேதனையை நாங்கள் அறிவோம், இந்த வேண்டுகோள் தண்டனையைக் குறைக்கச் சொல்வது அல்ல.' அந்த அம்மா அதை இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். "சரி, இருக்கட்டும்" என்றார். மனிதத்தன்மைக்காக எழுதிய வரிதான் அது. கடிதத்துக்குப் பலமும் அதிலிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன்.

மற்றபடி ஒரு பக்கம் போதும். ஜெயிலில் இருப்பவருக்கு வாக்களிக்கும் உரிமை இல்லை. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அப்படிச் சொல்கிறது. எனவே எழுதும் குடும்பத்தாரின் ஊரும் தொகுதியும் முதல் வரியிலேயே வர வேண்டும். அடுத்து கைதியின் பெயர், தகப்பனார் பெயர், கைதி எண், எந்த ஜெயில், எந்தக் கோர்ட், வழக்கு எண், தீர்ப்புத் தேதி. கைதி எண் விடுபட்டால் கடிதம் பாதி வழியில் நின்றுவிடும். பெயரை வைத்துத் தேட எந்த கிளார்க்குக்கும் நேரமில்லை. கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால் முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடுவது நல்லது. 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். அசல் காகிதங்களை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும் இணையுங்கள்.

கைதியின் சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் நான் எதையும் அனுப்புவதில்லை. மனநல மருந்து சாப்பிடுகிறார் என்பது போன்ற விஷயம் எத்தனை மேசை தாண்டிப் போகும் என்பதை அவர் தெரிந்துகொண்டு சரி சொல்ல வேண்டும்.

எந்த மொழியில் எழுதுவது என்ற தயக்கம் இங்கே எல்லாருக்கும் உண்டு. தமிழில் எழுதலாம். அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவு, அந்த மாநிலத்திலோ ஒன்றியத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறையைச் சொல்லலாம் என்கிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த இடத்தைத் தருகிறது. நான் குடும்பத்தார் சொன்னபடியே தமிழில் எழுதி, மேலே மலையாளப் படி ஒன்றை வைத்துவிடுவேன். செக்ரட்டேரியட்டில் படிப்பவர் நிற்காமல் படிக்க வேண்டும் என்பதற்காக.

எழுதவே வேண்டாத சமயமும் உண்டு. ஜாமீன் கிடைத்த பிறகும் உள்ளூர் ஜாமீன்தாரர் இல்லாமல், நிலவரி கட்டிய ரசீதோடு கையெழுத்துப் போட ஆள் கிடைக்காமல், தமிழ்நாட்டுக் கூலியாட்கள் உள்ளேயே இருப்பதைப் பார்க்கிறேன். அதற்கு எம்.எல்.ஏ. தேவையில்லை. ஜெயிலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்த வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அதற்கு முன்பே, 1978-இல் மோத்திராம் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இதைக் கேட்டார்: ஒரு மலையாளியோ தமிழரோ தொலைதூர ஊரில் கைதானால், அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார்? கிருஷ்ணய்யர் பிறந்த வைத்தியநாதபுரம் இதே பாலக்காட்டில்தான் இருக்கிறது. 1957-இல் கேரளத்தின் முதல் மந்திரிசபையில் ஜெயில் துறையும் அவரிடம்தான் இருந்தது. பிறகு சுனில் பத்ரா என்ற திகார் கைதி, சக கைதி ஒருவரை வார்டர் சித்திரவதை செய்ததைக் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதமாக எழுதி அனுப்பியபோது, அதையே மனுவாக எடுத்துக்கொண்ட வழக்கிலும் தீர்ப்பு எழுதியவர் அவர். தனக்காக எழுதாமல் இன்னொருவருக்காக எழுதிய கடிதம் அது. யார், யாருக்கு, என்ன செய்தார் என்ற விவரம் அதில் இருந்தது, கோர்ட் அதைப் பிடித்துக்கொண்டது.

கடிதம் கொடுத்ததோடு வேலை முடிவதில்லை. எம்.எல்.ஏ. அமைச்சருக்கு அனுப்பிய கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். அதன் எண்ணும் தேதியும் அடுத்த நினைவூட்டலின் முதல் வரி. ஒரு நகல் ஜெயிலுக்கும் போக வேண்டும், உள்ளே இருப்பவருக்கும் தெரிய வேண்டுமல்லவா.

அந்த அம்மாவின் மனுவுக்குத் தமிழ்நாட்டுச் சம்மதம் வந்துவிட்டது. கேரளத்தின் உத்தரவு இன்னும் வரவில்லை. அடுத்த சபைக் கூட்டம் தொடங்குமுன் மகள் பெயரில் நினைவூட்டல் அனுப்புகிறோம். சம்மதக் கடிதத்தின் நகலும் அதோடு போகிறது.