‘வெளியேறு’ன்னா ஊருக்கு அனுப்பிடுவாங்களா அக்கா?

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் மின்வேலை, குழாய் வேலை எடுத்துச் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். 86 ஆட்கள். பாதிக்கு மேல் புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துத் தம்பிகளும் அண்ணன்களும், மீதிப் பேர் பங்களாதேஷ்காரர்கள். போன வருஷம் டைம் கார்டை எடுத்துவிட்டு வருகை, லீவ், ஓடி (ஓவர்டைம்), சம்பள ஸ்லிப் நான்கையும் ஒரே ஆப்பில் கொண்டுவர முதலாளி முடிவு செய்தார். அதை ஆட்களுக்குப் பழக்கிவிடும் பொறுப்பு எனக்கு வந்தது.

முதல் தடவை செய்தது சரியில்லை. காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் சேஃப்டி பேசி முடித்த கையோடு பத்து நிமிடம் வாங்கி, போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். பின்வரிசையில் இருந்தவர்களுக்குத் திரையே தெரிந்திருக்காது. எல்லாரும் தலையாட்டினார்கள், ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் 86 பேரில் 14 பேர்தான் உள்ளே போயிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் ஆட்கள் தங்கும் விடுதிக்கே, டார்முக்கே போனேன், இரவு எட்டரைக்கு, அவர்கள் சமைத்து முடித்து உட்காரும் நேரம். அங்கே ஒவ்வொரு போனாக வாங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பாதிப் போனில் இடமே இல்லை. ஒரு தம்பியின் போன் முழுக்க மகள் நடக்கப் பழகிய வீடியோக்கள், அதில் எதை அழிக்கச் சொல்வது? வீடியோக்களை மெமரி கார்டுக்கு மாற்றிக் கொடுத்த பிறகு ஆப் இறங்கியது. அன்று இரவு முக்கால்வாசி வேலை இதுதான்.

அப்புறம் மொழி. ஆப்பில் தமிழ் இருக்கிறது என்று விற்றவர்கள் சொன்னார்கள், இருந்தது. ஆனால் லீவ் கேட்கும் பொத்தானில் ‘வெளியேறு’ என்று போட்டிருந்தார்கள். ஒரு தம்பி அதைப் பார்த்துவிட்டு மெதுவாக, “இதை அமுக்கினா பர்மிட்ட கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிடுவாங்களா அக்கா?” என்று கேட்டான். கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்தவன் அப்படித்தான் கேட்பான். மறுநாளே விற்றவர்களைக் கூப்பிட்டு ‘லீவ் கேட்க’ என்று மாற்றச் சொன்னேன். மற்ற சொற்களையும் ஆட்கள் வாயில் வருகிறபடி ஓடி, சம்பள ஸ்லிப், வேலை ஆரம்பம், வேலை முடிவு என்றே போடச் சொன்னேன். மாற்றி வர மூன்று வாரம் ஆனது. தமிழ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள், திரை திரையாகப் படித்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு பயம் இருந்தது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை: இந்த ஆப் ஓடியைக் குறைக்கத்தான் வருகிறது. அதனால்தான் முதல் மாதம் டைம் கார்டும் ஆப்பும் சேர்ந்தே ஓடட்டும், சம்பளம் கார்டுப்படியே போடுவோம் என்று முதலாளியிடம் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். அந்த மாதம் 20ஆம் தேதி வாக்கில் ஒரு அண்ணன் ஆபீசுக்கு வந்தார். பதினாலு வருஷமாக இங்கே வேலை பார்க்கிறவர். சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அளவு நோட்டு ஒன்றை எடுத்து வைத்தார், வியர்வையில் ஓரமெல்லாம் ஊறிப் போயிருந்தது. ஒவ்வொரு நாளும் ஏறிய நேரம், இறங்கிய நேரம் பேனாவில். “ஆப்புல கொறையுதும்மா, பாருங்க” என்றார்.

உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. ஆப் அரை மணிக்குக் கீழ் இருந்ததை வெட்டிவிட்டது, 7.25க்கு முடித்தால் 7.00 என்று எடுத்துக்கொண்டது. 19 நாளில் அவருக்கு மட்டும் 6 மணி 40 நிமிடம் போயிருந்தது. இங்கே ஓடிக் கணக்கு தெளிவானது: மாத பேசிக்கை, அதாவது அடிப்படைச் சம்பளத்தை, 12ஆல் பெருக்கி, வருஷத்து 52 வாரத்தையும் வாரத்து 44 மணி நேரத்தையும் பெருக்கி வருவதால் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி, ஓடிக்கு அதில் குறைந்தது ஒன்றரை மடங்கு. அவர் பேசிக் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஆப்புப்படி சம்பளம் போட்டிருந்தால் ஏறத்தாழ 42 வெள்ளி குறைந்திருக்கும். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, விற்றவர்கள் வைத்துக் கொடுத்த அமைப்பை நானும் சரிபார்க்காமல் விட்டுவிட்டேன், ஆனால் போயிருக்கக்கூடியது அவர் பணம். நிமிடக் கணக்குக்கு மாற்றிவிட்டு, அடுத்த டூல்பாக்ஸ் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் அந்த அண்ணனையே பேசச் சொன்னேன். எங்கே குறைந்தது, இப்போது எப்படி வருகிறது என்று அவர் சொன்னார். அந்த வாரத்திலேயே 70 பேருக்கு மேல் உள்ளே வந்துவிட்டார்கள்.

அவர்கள் அதிகம் திறப்பது சம்பள ஸ்லிப்பைத்தான். 2016 ஏப்ரலிலிருந்து விவரம் பிரித்த ஸ்லிப் கொடுப்பது சட்டம், ஓடி நேரமும் அதற்கான பணமும் அதில் இருக்க வேண்டும். நாங்களும் காகிதத்தில் கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம், டார்மில் அது துணியோடு துவைந்து போகும். இப்போது பழைய மாதத்தையும் எடுத்துப் பார்த்துக் கேள்வி கேட்கிறார்கள். எனக்கு வேலை கூடியிருக்கிறது, பரவாயில்லை, கேட்கட்டும்.

இன்னும் சரியாகாதது பேஸ்மெண்ட் வேலை. கீழே சிக்னல் கிடைக்காது, அந்த நாட்களில் சூப்பர்வைசர் தாளில் எழுதி, ஆளிடம் கையெழுத்து வாங்கி, மாலையில் எனக்குப் படம் எடுத்து அனுப்புகிறார், நான் ஏற்றுகிறேன். அடுத்த மாதம் ஊரிலிருந்து புதிதாகப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) போவதற்கு முன் காலையிலேயே டார்மில் அவர்களோடு உட்காரலாம் என்று இருக்கிறேன். அந்த அண்ணனையும் நோட்டோடு வரச் சொல்லியிருக்கிறேன்.