நான்காம் புள்ளி

பார்வையற்றவர்களுக்கான ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் 3 வருடம் வேலை பார்த்தேன். வேலை என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கே இருக்கிறாய் என்று யாராவது கேட்டு நான் பதில் சொன்னதும், "ஓ, சேவையா, நல்ல மனசு உனக்கு" என்பார்கள். மாதச் சம்பளம் வாங்கி, லீவு லெட்டர் எழுதிக்கொடுத்து, தாமதமாகப் போனால் திட்டு வாங்கிப் பார்த்த வேலைதான் அது. இந்தச் சேவை என்ற சொல் அங்கே இருப்பவர்களுக்குப் பெரிய தொல்லை. சம்பளம் 10 நாள் தள்ளிப்போனாலும் வாய் திறந்து கேட்க முடியாது. சேவை செய்கிறவர்கள் காசைப் பற்றிப் பேசலாமா?

மொத்தம் 11 பேர். அதில் 4 பேர் 'டோட்டல்', அதாவது பார்வை அறவே இல்லாதவர்கள், 2 பேர் 'பார்ஷியல்', கொஞ்சம் பார்வை உள்ளவர்கள். அவர்கள் தங்களுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். மிச்சம் 5 பேர் என்னைப் போலக் கண் தெரிந்தவர்கள். எனக்குக் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். ஆள் பற்றாக்குறையில் மூன்றாம் மாதமே, மேடான புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்துப் பிரிவிலும் கை வைக்க வேண்டியதாயிற்று.

முதல் வாரத்தில் நான் செய்த சாதனையைச் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன், ஸ்கேன் செய்த பிடிஎஃப். 6 பேருடைய கணினியும் வாய் திறக்கவில்லை. திரையில் இருக்கும் எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளுக்கு அது வெறும் படம், உள்ளே எழுத்து என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. சரி என்று பழைய கோப்பு ஒன்றைத் தேடியெடுத்து அனுப்பினேன். அது யுனிகோடு வருவதற்கு முன்னால் பழைய எழுத்துருவில் தட்டியது. திரையில் பார்த்தால் அழகான தமிழ். கணினியோ ஆங்கில எழுத்துகளையும் அடைப்புக்குறிகளையும் கலந்து ஏதோ மந்திரம் ஓதியது. வரவேற்பில் இருந்த அக்கா தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, உங்க லெட்டரைக் கேட்டேன், என்ன பாஷைன்னுதான் தெரியல" என்றார்.

அந்த அக்கா டோட்டல். அவருடைய கணினி பேசும் வேகத்துக்கு எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபட்டதில்லை, ஏதோ வண்டு ரீங்கரிக்கிற மாதிரி இருக்கும், அவரோ அதைக் காதில் வாங்கிக்கொண்டே இன்னொரு காதில் தொலைபேசியை வைத்துப் பேசுவார். அவர் வைத்திருந்தது என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடர். 2006இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் தொடங்கியது, பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். "நமக்கு வேணும்னா நாமதான் செஞ்சுக்கணும், தம்பி" என்பார் அக்கா, அதில் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் எனக்கான குத்தல்.

கரண்ட் போனால் அவர்களுக்கு என்ன, வேலை நடந்துகொண்டே இருக்குமே என்று நிறையப் பேர் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். கரண்ட் போனால் கணினி நின்றுவிடும், எல்லோரும் சேர்ந்து வெட்டிக் கதை பேசுவோம். எந்த ஆபீஸிலும் நடப்பதுதான்.

வரவேற்பு என்றாலும் உண்மையில் முதல் ஆலோசனையே அந்த மேசையில்தான் நடக்கும். ஒரு நாள் 50 வயதுக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். கிளாக்கோமா. ஓரத்துப் பார்வை முதலில் போய், நடுவிலும் போன பிறகுதான் முழுதாக உறைத்திருக்கிறது. அதில் போன பார்வை திரும்பாது. அக்கா கேட்டார்:

"உங்க பேர் என்ன, சார்?"

மனைவி பெயரைச் சொன்னார்.

"என்ன வேலை பார்த்தீங்க?"

அதற்கும் மனைவிதான்.

அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. நான் சாரைத்தான் கேக்கறேன். அவருக்குக் காது நல்லாக் கேக்குது இல்லையா?"

அந்த மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பிக்க ஒரு நிமிடம் ஆனது. அப்புறம் அரை மணி நேரம் நிறுத்தவில்லை. போகும்போது மனைவி அழுதார், ஆனால் வந்தபோது அழுததைப் போல இல்லை. நானாக இருந்திருந்தால் மனைவியிடமே விவரம் வாங்கிப் படிவத்தை நிரப்பி, வேலை முடிந்தது என்று அனுப்பியிருப்பேன்.

நடை பழக்குபவர் ஒருவர் இருந்தார், கண் தெரிந்தவர், அதிகம் பேச மாட்டார். புதிதாக வேலைக்குச் சேரும் யாராக இருந்தாலும் கண்ணைக் கட்டி, கையில் வெள்ளைக்கோலைக் கொடுத்து வராந்தாவில் நடக்க விடுவார். வலது கால் முன்னே போகும்போது கோலின் நுனி இடப்பக்கம் தட்ட வேண்டும், இடது காலுக்கு வலப்பக்கம், அதாவது அடுத்த கால் விழப்போகிற இடத்தைக் கோல் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். கேட்கச் சுலபம். நான் நாலாவது அடியில் காலும் கோலும் ஒரே பக்கம் போய்த் தடுமாறி நின்றேன். கட்டை அவிழ்த்ததும் அவர் சொன்னார், "இப்ப பயமா இருந்துச்சுல்ல, அது அவங்க பயம் இல்ல. அஞ்சு நிமிஷம் கண்ணைக் கட்டினவன் பயம். ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்காத." இந்த மாதிரிக் கண்கட்டு நிகழ்ச்சிகளை நடத்திவிட்டு 'அவர்கள் உலகத்தை உணர்ந்தோம்' என்று எழுதுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும்.

யாரையும் கையைப் பிடித்து இழுக்காதே, உன் முழங்கைக்கு மேலே அவர்கள் பிடித்துக்கொள்ளட்டும், நீ அரை அடி முன்னால் நட என்பதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். கதவைப் பாதி திறந்து வைக்காதே என்பதையும். அந்த இரண்டாவதை நான் மறந்தேன். கோப்பு அலமாரியின் கதவைத் திறந்து போட்டுவிட்டு அச்சுப் பிரதி எடுக்கப் போன 2 நிமிடத்தில், மெய்ப்புப் பார்க்கும் பெரியவர் அந்த வழியாக வந்தார். கோல் கீழே இருப்பதைச் சொல்லும், நெற்றி உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கதவைச் சொல்லாது. புருவத்தின் மேல் 3 தையல். மன்னிப்புக் கேட்க அவர் அறைக்குப் போனேன். "அலமாரி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், நீங்க எங்க இருக்கீங்கன்னுதான் தெரியல" என்றார். அதற்குப் பிறகுதான் நாங்கள் நெருக்கமானோம் என்பது விசித்திரம்தான்.

பார்ஷியல் இருவர் பாடு தனி. கிடங்கைப் பார்த்துக்கொண்டவர் தாளை மூக்கருகே பிடித்துப் பெரிய எழுத்தைப் படித்துவிடுவார், ஆனால் எதிரே கிடக்கும் நாற்காலியில் இடித்துக்கொள்வார். அவருக்குப் பார்வை ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல. நன்கொடை கொடுக்க வந்த ஒருவர் என் காதில், "இவருக்குக் கண் தெரியுது சார், நடிக்கிறார்" என்று ரகசியம் சொன்னார். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, நல்ல கண்ணின் பார்வை 3/60க்குக் கீழே போனால் அது பார்வையின்மை. மற்றவர்கள் 60 மீட்டரில் பார்ப்பதை 3 மீட்டர் கிட்டே வந்தாலும் பார்க்க முடியாத நிலை. முழு இருட்டு என்று அதில் எங்கும் இல்லை. இதை வந்தவரிடம் விளக்கலாமா என்று யோசித்தேன், காசோலை இன்னும் அவர் பையில்தான் இருந்தது, பேசாமல் இருந்துவிட்டேன். கிடங்குக்காரருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதும் எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

காசு என்றதும் புகைப்படமும் ஞாபகம் வருகிறது. ஆண்டறிக்கைக்காக ஒரு புகைப்படக்காரர் வந்தார். வரவேற்பு அக்காவிடம், உட்கார்ந்தபடியே கோலைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கீழே பாருங்கள் என்றார். "கீழ என்ன இருக்கு?" என்று கேட்டார் அக்கா. எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் படம் அப்படித்தான் எடுக்கப்பட்டது, அட்டையிலும் வந்தது, அந்த வருடம் நன்கொடை அதிகமாகத்தான் வந்தது. நான் பொறுப்பாளரிடம் போய்ச் சண்டை போட்டேன். "இதுல இருந்துதான் அவளுக்குச் சம்பளம், உனக்கும்" என்றார் அவர். பதில் சொல்லத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. அக்காவிடம் கேட்டதற்கு, "படம் நல்லா வந்துச்சா? புடவை எந்தக் கலர்னு எழுதியிருக்காங்களா?" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

எல்லோரும் தங்கமானவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். புறம் பேசுவதில் ஓர் ஆளை மிஞ்ச முடியாது. இன்னொருவர் வேலையைத் தள்ளிப்போடுவதில் கில்லாடி, கேட்டால் கண்ணைக் காரணம் காட்டுவார், மற்ற டோட்டல்களுக்கே அவரைக் கண்டால் ஆகாது.

சரி, பிரெயில் பிரிவுக்கு வருகிறேன். நானும் இன்னொருவரும் நூல்களைத் தட்டச்சு செய்து மாற்றிக்கொடுப்போம், பெரியவர் விரலால் மெய்ப்புப் பார்ப்பார். அச்சில் கையடக்கமாக இருக்கும் ஒரு நாவல் பிரெயிலில் பல தொகுதிகளாகிவிடும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் கூடாது, எடை அழுத்திப் புள்ளி மழுங்கிவிடும், நிறுத்தித்தான் வைக்க வேண்டும். நான் வசதியாக இருக்கட்டும் என்று அலமாரியை மாற்றி அடுக்கத் திட்டம் போட்டபோது பெரியவர் ஒரு கதை சொன்னார். லூயி பிரெயில் 1824இல், 15 வயதிலேயே தன் முறையை அமைத்துவிட்டார். அவர் படித்து, பின்னால் ஆசிரியராகவும் இருந்த பாரிஸ் பள்ளி அதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 1854இல், அவர் செத்து 2 வருடம் கழித்து. கண் தெரிந்த ஆசிரியர்களுக்கு அந்தப் புள்ளிகள் புரியாததும், அச்சில் இருக்கிற எழுத்தையே மேடாக்கிக் கொடுத்தால் போதாதா என்ற எண்ணமும்தான் காரணம். "அவங்களுக்கு அதுதான் வசதியா இருந்துச்சு" என்று முடித்தார். என் அலமாரித் திட்டம் அதோடு முடிந்தது.

தமிழ்ப் பிரெயிலில் எனக்குப் பிடித்த விஷயம், அது காதுக்கு நேர்மையாக இருப்பது. அச்சில் 'கெ' எழுதும்போது கொம்பை முதலில் போட்டுவிட்டு அப்புறம் 'க' போடுகிறோம், பிரெயிலில் சொல்கிற வரிசைப்படி முதலில் 'க', பிறகு 'எ'. ஆனால் மெய்யெழுத்துக்குக் கதை வேறு. மேலே வைக்கிற புள்ளி, எழுத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். பிரெயிலின் ஒவ்வொரு எழுத்துக் கட்டத்திலும் புள்ளிக்கு 6 இடம், இடப்பக்கம் மேலிருந்து 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. தமிழின் புள்ளிக்குப் பிரெயிலிலும் ஒரே ஒரு புள்ளிதான், நான்காம் புள்ளி. முதல் புள்ளி மட்டும் தனியாக இருந்தால் அது 'அ'. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கும் இடம் மட்டுமே.

பெரியவர் பிடிவாதமாக எனக்கு ஸ்லேட்டிலும் ஸ்டைலஸிலும், அதாவது தாளைப் பிடிக்கும் கட்டச் சட்டத்திலும் குத்தூசியிலும், எழுதச் சொல்லிக்கொடுத்தார். அதில் தாளின் பின்பக்கத்திலிருந்து வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும், திருப்பினால்தான் படிக்க முடியும். முதலும் நான்கும் பக்கம் மாறிவிடும். நான் புள்ளி வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் 'அ' குத்தினேன். அதைத் திருத்திக்கொண்டதும் புள்ளியையே விட ஆரம்பித்தேன். கணினியில் தட்டும்போது விட்டுப்போன புள்ளி கூடத் திரையில் கண்ணில் படாது. 'அமமா' என்று இருந்தாலும் கண் 'அம்மா' என்று படித்துக்கொண்டு போய்விடும். அவர் விரல் அப்படிப் போகாது. நடுவில் நின்றுவிடும், ஒரு முறை பின்னால் வரும், மறுபடி அந்த இடத்தில் நிற்கும். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், விரலை எடுக்காமல் முகத்தை என் பக்கம் திருப்புவார். ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு முறை இது நடக்கும்.

"நீங்க பிரெயிலைக் கண்ணால படிக்கிறீங்க. கண்ணு சோம்பேறி. இருக்க வேண்டியதைத் தானே போட்டுக்கும்."

உண்மைதான். கண் தெரிந்த பிரெயில்காரர்கள் பெரும்பாலும் புள்ளியின் நிழலைப் பார்த்துத்தான் படிக்கிறோம். விரலால் படிக்கப் பல மாதம் முயன்று, 'அ'வையும் புள்ளியையும் பிரித்தறிய முடியாமல் விட்டுவிட்டேன். அவர் இதை மன்னிக்கவே இல்லை.

வேலையை விட்டபோது, வேறு இடத்தில் கூடுதல் சம்பளம், வேறு பெரிய காரணம் இல்லை, கடைசி நாளில் எல்லோரும் சேர்ந்து ஓர் அட்டை கொடுத்தார்கள். அச்செழுத்து இல்லை, வெறும் புள்ளி, பெரியவர் தன் கையால் குத்தியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து ஒரே மூச்சில் படித்தேன். என் பெயர், கீழே நன்றி, அதற்குக் கீழே எல்லோருடைய பெயரும். "தப்பு இருக்கா பாத்துக்குங்க" என்றார் பெரியவர். நான் சிரித்து, "உங்க கையில தப்பா, சார்" என்றேன். அவரும் சிரித்தார், கொஞ்சம் அதிகமாகவே.

பல வாரம் கழித்து ஒரு ராத்திரி, ஏதோ தேடும்போது இழுப்பறையில் அந்த அட்டை கையில் தட்டுப்பட்டது. விளக்கைப் போடாமல் விரலை வைத்தேன். மெதுவாக, ஒவ்வொரு கட்டமாக. இரண்டாம் வரியில் விரல் நின்றது. பின்னால் வந்து மறுபடி தடவிப் பார்த்தேன். ந, ன, றி. நடுவில் புள்ளி இல்லை.