பியூட் தெரு, 44-லிருந்து

நவம்பர் 3

44.

வேலை போய்விட்டது. விசா முடிய இன்னும் இத்தனை நாள், அதற்குள் வேறு வேலை கிடைக்கவேண்டும். அறையில் உட்கார்ந்தால் போனையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அதனால் இன்றும் வேல்ஸின் கார்டிஃபில் இந்தப் பியூட் தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தேன். ஒரு பக்கம் ரயில் பாதையின் கல்சுவர் கூடவே வருகிறது. கடைசியில் கடல் வரும் என்று கால் நம்புகிறது, ஆனால் இருப்பது அணை கட்டித் தேக்கிய நல்ல தண்ணீர். உப்பு வாசனை இல்லாத துறைமுகத்தைத் தூத்துக்குடிக்காரி எப்படி ஏற்றுக்கொள்வாள்?

நவம்பர் 4

அம்மா போன். "ஏட்டி, என்ன சொல்லுதாவ?" யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். சாப்பிட்டியா என்று நான்கு தரம் கேட்டாள்.

நவம்பர் 7

40.

பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். பெரியம்மா என்பது மனசுக்குள் நான் வைத்த பெயர். அவர் என்னை 'லவ்' என்பார், ரொம்பப் பிரியம் வந்தால் 'காரியாத்', அன்பே என்று அர்த்தம். அவருடைய அம்மா பள்ளத்தாக்குப் பக்கத்து வெல்ஷ்காரி, அந்தச் சொல் அவள் கொடுத்தது. அப்பா ஏமனின் ஏடன் துறைமுகத்திலிருந்து வந்த கப்பல்காரர்.

இரண்டு வருஷம் பின்கதவில் நம்பர் அழுத்தி வேலைக்குப் போன முதியோர் இல்லம் அது. இன்று முன்வாசலில் மணி அடித்து, வருகிறவர்கள் நோட்டில் பெயர் எழுதினேன். 'உறவு' என்று ஒரு கட்டம். பேனாவோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு 'சிநேகிதி' என்று எழுதினேன். பெரியம்மா என் சீருடையைத் தேடினார் என்று நினைக்கிறேன், கை என் சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று தடவியது.

அப்புறம் பிஸ்கட் டப்பாவை எடுக்கச் சொன்னார். இதுவரை எத்தனையோ தடவை தூசி தட்டி வைத்திருக்கிறேன், திறந்ததில்லை. உள்ளே அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகம், நீல அட்டை, ஓரம் தேய்ந்து துணி தெரிகிறது. ஒவ்வொரு வரியும் ஒரு பயணம். கப்பலின் பெயர், ஏறிய நாள், இறங்கிய நாள், வேலை: ஃபயர்மேன். நம் ஊரில் சொல்கிற தீயணைப்பு வேலை இல்லை, கப்பலின் அடிவயிற்றில் நின்று கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போடுகிற வேலை. வரியின் கடைசியில் இரண்டு முத்திரை, திறமைக்கு ஒன்று, நடத்தைக்கு ஒன்று. வெரி குட், வெரி குட். பக்கம் புரட்டப் புரட்ட வெரி குட். எண்ணினேன், 17 பயணம், 34 முத்திரை.

புத்தகத்துக்கு அடியில் இன்னொன்று, போலீஸ் கொடுத்த பதிவுச் சான்றிதழ். அதே மனிதரின் போட்டோ. 'அந்நியர்' என்று அச்சடித்திருக்கிறது. கையெழுத்து அல்லது இடது கட்டைவிரல் ரேகை என்ற இடத்தில் மையில் ஒரு கட்டைவிரல். ரேகைக்குக் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு, வெள்ளையாகத் தெரிகிறது.

நவம்பர் 8

மூன்று இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன்.

நவம்பர் 11

36. போர் நினைவு நாள்.

செனெத் என்கிற வேல்ஸ் நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் பக்கத்தில் வணிகக் கப்பல் மாலுமிகளுக்கு ஒரு சின்னம் இருக்கிறது. இரும்புத் தகடு அடித்த கப்பலின் உடல் தரையில் சாய்ந்து கிடக்கும், சுற்றிப் போய்ப் பார்த்தால் அதுவே கண்மூடித் தூங்கும் ஒரு முகம். இன்று கன்னத்தில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது.

நேற்று ராத்திரியிலிருந்து 1839 என்ற எண் மண்டையில் சுற்றுகிறது. 1839 ஜனவரியில் ஆங்கிலேயர் ஏடனைப் பிடித்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் பியூட் பிரபு கட்டிய மேற்குக் கப்பல்துறை இங்கே திறந்தது. ஏடன் நீராவிக் கப்பல்கள் கரி நிரப்பும் இடமானது, வெல்ஷ் கரி அங்கே போனது, அந்தக் கப்பல்களின் அடித்தட்டில் ஏமன்காரர்களும் சோமாலிகளும் இங்கே வந்தார்கள். ஒரே வழிதான், போக ஒன்று, வர ஒன்று. 1913-ல் கார்டிஃபிலிருந்தும் பக்கத்து பாரியிலிருந்தும் தனித்தனியே 1 கோடி டன்னுக்கு மேல் கரி கப்பலேறியது. அவ்வளவு கரியும் கடல் தாண்டியது யார் தோளில்? இவர்களை 'வந்தேறிகள்' என்று எழுதும்போது கை கூசவேண்டும். வரவழைத்தது கரி.

எங்கள் ஊரிலும் அனல் மின்நிலையத்துக்குக் கரி கப்பலில்தான் வரும். காற்று திரும்பினால் கொடியில் காயும் அப்பாவின் வேட்டியில் கறுப்பு புள்ளி விழும். அம்மா திட்டிக்கொண்டே மறுபடி அலசுவாள்.

நவம்பர் 15

32. தூக்கம் இல்லை.

அந்தச் சான்றிதழ் 1925-ல் போட்ட ஆணையால் வந்தது. கறுப்பு மாலுமிகள் தாங்கள் பிரிட்டிஷ் குடிமக்கள் என்று காகிதம் காட்டவேண்டும், இல்லையென்றால் அந்நியராகப் பதிவு செய்துகொள்ளவேண்டும். பிரிட்டிஷ் கொடி பறந்த ஊரில் பிறந்து பிரிட்டிஷ் கப்பலில் வேலை செய்தவனிடம் பாஸ்போர்ட் எதற்கு இருக்கப்போகிறது? அதுவரை யாரும் கேட்டதில்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தை நீட்டினால் அது குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்றார்கள். 34 வெரி குட் சான்று ஆகாது. கார்டிஃபில் இதை ரொம்பத் தீவிரமாகவே செய்தார்கள்.

காகிதத்தில் எழுதிய சொல் அப்புறம் சும்மா இருக்கவில்லை. 1935-ல் கப்பல் முதலாளிகளுக்கு அரசு மானியம் வந்தது, பிரிட்டிஷ் மாலுமிகளுக்கு முன்னுரிமை கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. பத்து வருஷம் முன்னால் அந்நியன் என்று எழுதிக்கொண்டவன் துறையில் நின்று மற்றவர்கள் ஏறுவதைப் பார்க்கவேண்டியதுதான். விடுதி நடத்திய அவர்கள் ஊர்க்காரர்கள் அடுத்த கப்பல் கிடைக்கும்வரை கடனுக்குச் சோறு போட்டார்கள், அந்த அடுத்த கப்பல் வந்தால்தானே.

என் பழைய சூப்பர்வைசர் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் படித்தேன். அதிலும் 'வெரி குட்' இருக்கிறது. இரண்டு இடத்தில்.

நவம்பர் 18

இரண்டு 'மன்னிக்கவும்'. மூன்றாவது இடம் பதிலே போடவில்லை.

கோபமாக இருக்கிறது, எழுதினால் அடங்கும் என்று எழுதுகிறேன். 1911 கோடையில் மாலுமிகள் வேலைநிறுத்தம், கோபம் முதலாளிகள் மேல், உடைந்தது கார்டிஃபின் சீன சலவைக் கடைகள். அதே ஆகஸ்டில் ட்ரெடிகரில் யூதர் கடைகளைக் கொள்ளையடித்தார்கள், பள்ளத்தாக்கு ஊர்களுக்கு அது பரவி ராணுவம் வந்தது. 1919 ஜூனில் கலவரம் நியூபோர்ட்டில் தொடங்கி கார்டிஃபுக்கும் பாரிக்கும் வந்தது. போர் முடிந்து திரும்பியவர்களுக்கு வேலை இல்லை, வீடு இல்லை, அதற்குப் பழி நான்கு வருஷம் அதே போருக்குக் கரி அள்ளியவர்கள் மேல். கார்டிஃபில் மூன்று பேர் செத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கூலி குறைகிறது, ஒவ்வொரு தடவையும் உடைவது பக்கத்து வீட்டுக் கண்ணாடி. கூலியைக் குறைத்தவன் வீட்டுக் கண்ணாடி ஒருநாளும் உடைந்ததில்லை!

நவம்பர் 19

மழை.

நவம்பர் 22

25. மெர்தர் டிட்ஃபில் போய் வந்தேன், நேர்முகம். நன்றாகத்தான் பேசினேன்.

ரயிலுக்கு நேரம் இருந்ததால் டௌலைஸ் வரை பஸ்ஸில் போனேன். அங்கே அல்ஃபோன்சோ தெரு என்று ஒன்று. மலைச்சரிவில் வெல்ஷ் வீடுகளுக்கு நடுவே ஸ்பெயின் ராஜாவின் பெயர். டௌலைஸ் உருக்காலைக்கு பில்பாவோவிலிருந்து இரும்புத்தாது வந்தது, 1900 வாக்கில் ஸ்பானிய ஆட்களும் வந்தார்கள். தாது வந்த வழியே ஆள். எங்கே பார்த்தாலும் இதேதான்.

திரும்பும்போது ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். இந்தப் பள்ளத்தாக்குகளில் டீயும் ஐஸ்கிரீமும் விற்றவர்கள் இத்தாலியர்கள், பெரும்பாலும் பார்டி என்ற ஒரே மலையூரும் அதன் சுற்றுவட்டாரமும். கடை யாருடையதானாலும் ஜனங்கள் ஒரு குடும்பத்தின் பெயரை வைத்து 'பிராக்கி' என்றே சொல்வார்களாம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் அந்தக் கடைக்காரர்களைப் பிடித்தார்கள். கனடாவுக்கு அனுப்பிய 'அரண்டோரா ஸ்டார்' கப்பல் ஜூலை 2-ஆம் தேதி மூழ்கடிக்கப்பட்டபோது வேல்ஸிலிருந்து போன இத்தாலியர் 53 பேர் அதோடு போனார்கள். நேற்றுவரை டீ ஆற்றிக் கொடுத்தவர்கள்.

டீ நன்றாக இருந்தது. முழுதாகக் குடிக்க முடியவில்லை.

நவம்பர் 24

மறுபடி அதே கதவு.

மஹ்மூத் மத்தான். ஹர்கேசாவிலிருந்து வந்த சோமாலி கப்பல்காரர். 1952-ல் ஒரு கடைக்காரப் பெண்ணைக் கொன்றதாகப் பிடித்தார்கள். அவருடைய வக்கீலே கோர்ட்டில் அவரைப் பாதிக் காட்டுமிராண்டி என்று சொன்னார். செப்டம்பர் 3-ஆம் தேதி தூக்கு. மனைவி லாரா வெல்ஷ்காரி, மூன்று பையன்கள். பார்க்கலாம் என்று சிறைக்குப் போனவளுக்குக் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸில்தான் விஷயம் தெரிந்தது.

தண்டனை தப்பு என்று 1998-ல் ரத்து செய்தார்கள். போலீஸ் மன்னிப்பு கேட்டது 2022-ல். லாரா 2008-லேயே போய்விட்டார்.

எனக்கு 46 வருஷமும் 70 வருஷமும்கூட இரண்டாம் பட்சம். அந்தக் கதவு முன்னால் அவள் நின்றதுதான் போகமாட்டேன் என்கிறது. கையில் ஏதாவது கொண்டு போயிருப்பாள், சாப்பாடோ துணியோ. அதை என்ன செய்தாள்? என் வீட்டுக் கதவில் தபால் துவாரம் 'டக்' என்றால் இப்போது வயிறு பிசைகிறது.

நவம்பர் 25

வந்தது கேஸ் பில்.

நவம்பர் 29

18.

பெரியம்மாவுக்குக் காய்ச்சல். என்னைத் தெரியவில்லை. என்னை அவருடைய அம்மா என்று நினைத்துக்கொண்டு, கப்பல் வந்துவிட்டதா, கப்பல் வந்துவிட்டதா என்று கேட்டார். முதலில் தேதி, இடம் சொல்லி நிதானப்படுத்தப் பார்த்தேன், பயிற்சியில் சொல்லிக்கொடுத்த மாதிரி. அப்புறம் விட்டுவிட்டேன். வந்துவிட்டது, கூலி வாங்க வரிசையில் நிற்கிறார், ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுவார் என்றேன். கையை இறுகப் பிடித்துக்கொண்டு தூங்கினார். நகம் வெட்ட வேண்டும், யாரும் கவனிக்கவில்லை. நான் இருந்தால் செவ்வாய்க்கிழமையே வெட்டியிருப்பேன்.

வெளியே லௌடன் சதுக்கத்தில் இரட்டைக் கோபுர வீடுகளில் விளக்கு. அவர் சொல்கிற லௌடன் சதுக்கம் இது இல்லை, பெரிய பெரிய வீடுகளும் நடுவில் பார்க்கும் இருந்ததை 1960-களில் இடித்துவிட்டார்கள்.

டிசம்பர் 2

15. மெர்தர்: இல்லை.

அழுதேன். அம்மாவிடம் ஜலதோஷம் என்றேன்.

டிசம்பர் 3

பெரியம்மாவுக்குக் காய்ச்சல் விட்டிருக்கிறது! இன்று கேட்டது நேராக, "உன் சீருடை எங்கே?" என்று. இல்லை என்றேன், காகிதம் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் டப்பாவை எடுக்கச் சொல்லி, நீலப் புத்தகத்தை என் மடியில் வைத்து, "இதைக் காட்டு" என்றார்.

டிசம்பர் 5

12. நாளை நியூபோர்ட்டில் நேர்முகம், காலை பத்தரைக்கு. சட்டை இஸ்திரி போட்டாயிற்று. ஃபைலில் பாஸ்போர்ட், பயிற்சிச் சான்றிதழ்கள், சூப்பர்வைசர் கடிதம், எல்லாம் இரண்டு நகல். குடை பையில். எட்டே கால் ரயிலைப் பிடித்தால் போதும், ஆனால் ஏழு ஐம்பதுக்குப் போகிறேன்.