சைக்கிளில் போன ஒற்றை லென்ஸ்

18 பெப்ரவரி 2024, ஞாயிறு, ஹட்டன்

வெள்ளிக்கிழமை நவம் போயா, பௌர்ணமி விடுமுறை. மூன்று நாள் விடுமுறை ஒன்றாக வருகிறது. இங்கிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியா, அங்கிருந்து வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளை. கால் ஒத்துழைத்தால் எல்ல வரைக்கும். வழியெல்லாம் முடிவாகிவிட்டது. கமெரா பை மட்டும் முடிவாகவில்லை.

எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி, பக்கத்துக் கடைத் தராசை இரவல் வாங்கி நிறுத்துப் பார்த்தேன். கெனன் 600டி, பட்டரியோடு 570 கிராம். 18–55 லென்ஸ் 200. தூரத்தில் உள்ளதைக் கிட்ட இழுக்கும் 55–250 லென்ஸ் 375. 24 மில்லிமீட்டர் தட்டை லென்ஸ் 125. முக்காலி மட்டும் ஒன்றரைக் கிலோ. சார்ஜர், வயர், துணி, பை என்று சேர்த்தால் மூன்றரையைத் தாண்டுகிறது.

அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “இம்புட்டையும் ஏத்திக்கிட்டு மேட்டுல யாருப்பா மிதிக்கிறது?” என்றார். முப்பது வருடம் கொழுந்துக் கூடை சுமந்தவர் கேட்கும்போது பதில் சொல்ல முடியாது. முக்காலி அலுமாரிக்குத் திரும்பியது.

19 பெப்ரவரி, திங்கள்

போன வருடம் செய்த முட்டாள்தனத்தையும் எழுதி வைக்கிறேன். அன்றைக்கு எல்லாவற்றையும் பின் கரியர் பையில் போட்டுக்கொண்டு மஸ்கெலியாவுக்குப் போனேன். பின் சில்லு ஒரு குழியில் இறங்கினால் அந்த அடி கம்பி வழியாக நேரே பைக்குத்தான் போகும், நடுவில் தாங்குவதற்கு ஒன்றுமே இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் 18–55 லென்ஸின் பின் வளையத்தில் இரண்டு சின்ன ஆணிகளைக் காணவில்லை. ஒன்று பைத் தையலுக்குள் அகப்பட்டது. மற்றது மஸ்கெலியா ரோட்டுக்குக் காணிக்கையாகிவிட்டது.

ஆணி போனதைக்கூட மறந்துவிடலாம். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றி, மூழ்கிப்போன பழைய ஊரின் கோயில் வெளியே தெரிந்த நாள் அது. தூண் மேல் ஒரு கொக்கு நின்றது. நான் இறங்கி, சைக்கிளைச் சாய்த்து, மழை உறையைக் கழற்றி, கிளிப்பைத் திறந்து, உள்பையின் சிப்பை இழுத்து, கமெராவைச் சுற்றியிருந்த துவாயை அவிழ்த்தேன். கொக்கு அதுவரை காத்திருக்குமா?

அதனால் இந்தத் தடவை எடையைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. சைக்கிளிலிருந்து இறங்காமல் கை எட்ட வேண்டும். அது முடியாவிட்டால் 200 கிராம் கமெராவும் சுமைதான்.

21 பெப்ரவரி, புதன்

ஹாண்டில் பையைக் கட்டிக்கொண்டு கொட்டகலை வரை போய் வந்தேன். எடுப்பது சுலபம்தான். ஆனால் ஏற்றத்தில் மெதுவாக மிதிக்கும்போது முன்சில்லு அங்குமிங்கும் அலைகிறது. பை பிரேக் வயரையும் அழுத்துகிறது. இறக்கத்தில் அப்படி நடந்தால் படமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

சாதாரணத் தோள்பையைக் குறுக்காகப் போட்டுப் பார்த்தேன். குனிந்து மிதித்தால் அது வழுகி வயிற்றுக்கு வந்து முழங்காலில் இடிக்கிறது. அம்மா பையை வாங்கி, பழைய பயணப்பையின் பட்டி ஒன்றை அடியில் தைத்து, இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டார். “கூடை முதுகோட ஒட்டி இருக்கணும். தொங்குச்சுன்னா ஆளையே இழுத்துரும்.” இப்போது அசைவதே இல்லை. குழியின் அதிர்ச்சியை என் முதுகு வாங்கிக்கொள்கிறது. வியர்வை படும், அதற்குக் கமெராவைப் பொலித்தீனில் சுற்றினால் சரி.

பழைய படங்கிலிருந்து ஒரு துண்டை வெட்டி மழைக்கு மூடியும் தைத்துத் தந்தார். கடையில் வாங்கிய உறையின் அடியில் தண்ணீர் குளம் கட்டும். இது மேலே மட்டும் மூடுகிறது, கீழே ஒழுகிப்போகிறது.

லென்ஸ் 24 ஒன்றுதான். பெரியதை விட்டுப் போக மனம் கேட்கவில்லை. இரண்டு தரம் பைக்குள் வைத்து இரண்டு தரமும் வெளியே எடுத்தேன்.

23 பெப்ரவரி, வெள்ளி, நுவரெலியா

டெவன் அருவி 97 மீட்டர் உயரம். ரோட்டிலிருந்து 24இல் முழுதும் அடங்கியது. சென் கிளேயர் அருவி மெலிந்து கிடந்தது. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்த பிறகு அதில் பழைய தண்ணீர் இல்லை.

இன்று கண்ட வித்தை: ஏற்றத்தில் இறங்கினால் மறுபடி ஏறி மிதிப்பது நரகம். கிலோமீட்டர் கல் வரும்வரை பொறுத்து, அதன் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு படம் எடுக்க வேண்டும். லிந்துலைக்கு அப்பால் எடுத்த படங்கள் எல்லாம் கல் இருந்த இடங்கள்தான்.

24 பெப்ரவரி, சனி, பண்டாரவளை

விடியற்காலையில் விரல் விறைக்கும் குளிர். குளிரில் பட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் இரண்டையும் இரவு போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினேன். அது சரியாக நடந்தது. கமெராவுக்கும் குளிர் உண்டு என்பதைத்தான் மறந்துவிட்டேன்.

ஹக்கலைக்கு முன்னால் ஒரு தேத்தண்ணிக் கடை. அரை மணி நேரம் குளிரில் கழுத்தில் தொங்கிய கமெராவோடு உள்ளே நுழைந்தேன். பெரிய கேத்தலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு நிமிடத்தில் லென்ஸ் முழுக்க வெள்ளை. அவசரத்தில் சட்டை நுனியால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மறுபடி படிந்தது, போதாக்குறைக்கு வியர்வை எண்ணெயும் சேர்ந்துகொண்டது. செய்ய வேண்டியது வேறு: கடைக்கு வெளியிலேயே பொலித்தீனுக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, கமெரா சூடாகும் வரை திறக்காமல் இருப்பது. அப்போது ஈரம் பொலித்தீனின் வெளிப்பக்கத்தில் படியும். கடைக்காரரிடம் ஒரு சொப்பிங் பேக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிளேன்டீக்கு மட்டும் காசு எடுத்தார்.

வெலிமடை இறக்கத்தில் படம் எடுக்கவில்லை. இரண்டு கையும் பிரேக்கில்.

25 பெப்ரவரி, ஞாயிறு, ஹப்புத்தளை

லிப்டன் சீட் என்ற மலையுச்சியை ஒன்பது மணிக்குமேல் முகில் மூடிவிடும் என்று சொன்னார்கள். இருட்டிலேயே கிளம்பினேன். தம்பேதன்னைத் தொழிற்சாலை, 1890இல் கட்டியது, தாண்டியதும் ரோடு சுற்றிச் சுற்றி ஏறுகிறது. பாதித் தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன்.

மேலே போனபோது வெளிச்சம் இருந்தது. ஆனால் தூரத்து மலைகளெல்லாம் 24இல் ஒரு கோடு மாதிரி விழுந்தன. பெரிய லென்ஸ் வீட்டில் உறங்குகிறது. சரி, விடுவோம்.

இறங்கும்போது ஓர் அம்மா விறகுக்கட்டோடு வந்தார். இந்த லென்ஸில் ஆளை எடுக்க இரண்டு மீட்டருக்குள் போக வேண்டும், போனால் பேசாமல் முடியாது. 250ஆக இருந்தால் கேட்காமல் எடுத்திருப்பேனோ என்னவோ. “ஒரு படம் எடுக்கவாம்மா?” என்றேன். கட்டை இறக்காமல் கேட்டார்: “எடுத்தா அனுப்புவீங்களா? முந்தி ஒரு வெள்ளக்காரரு எடுத்துட்டுப் போனாரு, இன்னும் வந்துக்கிட்டே இருக்கு.” மகளின் வட்ஸ்அப் நம்பரைச் சொன்னார். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்று, “இப்ப எடுங்க” என்றார்.

எல்ல வரை போகக் காலில் பலம் இல்லை. அங்குள்ள ஒன்பது வளைவு ரயில் பாலம் 1921இலிருந்து அங்கேயே நிற்கிறது, இன்னும் நிற்கும்.

26 பெப்ரவரி, திங்கள், ஹட்டன்

தெரிந்தவரின் மரக்கறி லொறியில் சைக்கிளோடு வந்து சேர்ந்தேன். லென்ஸ் ஆணி நான்கும் இருக்கின்றன, எண்ணிப் பார்த்தேன். கமெராவையும் லென்ஸையும் வெயிலில் காட்டினேன். ஈரத்தோடு பைக்குள் விட்டால் நம் ஊர்க் காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சணம் சிலந்தி நூல் மாதிரி படரும். அப்புறம் அது போகாது.

முதல் வேலையாக அந்தப் படத்தை அனுப்பினேன். ராத்திரி ஒரு குரல் பதிவு வந்தது. அந்த அம்மாவேதான். “வெறகுக்கட்டு நல்லா வந்திருக்கு தம்பி. என் கண்ணுதான் மூடியிருக்கு.”